சேலை பிடிக்கவில்லை என்று மெசேஜ் வந்தால்: திரும்ப வாங்குவதா, மாற்றுவதா, விலையைக் குறைப்பதா?

வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ சேலை விற்பவர் யாருக்கும் இந்த மெசேஜ் ஒருநாள் வந்தே தீரும்: "அக்கா, ஃபோட்டோல மெரூன் மாதிரி இருந்துச்சு. வந்தது செங்கல் கலர்ல இருக்கு."

இதற்கு நாலு வழி உண்டு. சேலையைத் திரும்ப வாங்கி முழுப் பணத்தையும் கொடுக்கலாம். வேறு சேலை அனுப்பலாம். சேலையை அவரிடமே விட்டுவிட்டுக் கொஞ்சம் பணம் திருப்பலாம். அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்று வரவு வைக்கலாம். எந்த வழி என்பதைப் புகாரின் காரணம்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால் முதலில் இரண்டே கேள்வி: ஃபால்ஸ் தைத்தாகிவிட்டதா? ஒரு தடவையாவது நனைத்தாகிவிட்டதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அந்தச் சேலையைப் புதிதாக மறுபடி விற்க முடியாது. கணக்கே மாறிவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விற்ற விலை ரூ.1,450. கொள்முதல் 1,050, கொரியர் 80, பேக்கிங் 20 என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 300. முழுப் பணம் திருப்பினால் அந்த 300 போகும். போக அனுப்பிய செலவு 100, திரும்பி வரும் கொரியர் 80, ஆக 180 கைநஷ்டம். மாற்றிக் கொடுத்தால் வரும் கொரியர் 80, மறுபடி அனுப்ப 100 போய், லாபத்தில் 120 மிஞ்சும். ரூ.200 குறைத்துக் கொடுத்தால் 100 மிஞ்சும். சேலை இருந்த இடத்திலேயே இருக்கும்.

கணக்கில் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் முதலிடம். அதனால்தான் பலர் எல்லாப் புகாருக்கும் அதையே நீட்டுகிறார்கள். நிறப் புகாரில் அது பெரும்பாலும் கைகொடுக்காது. இரண்டாவது சேலையையும் அவர் அதே போன் திரையில்தானே பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போகிறார்? அதுவும் பிடிக்காமல் இன்னொரு முறை மாற்றினால் மேலும் 180 போய், 120 லாபம் 60 நஷ்டமாகிவிடும். மயில்கழுத்து நிறத்தில் இது இன்னும் சிக்கல். பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்பதால் திருப்பத் திருப்ப நிறம் மாறித் தெரியும். ஒற்றை ஃபோட்டோவில் அதைக் காட்டவே முடியாது. நிறம் ஏமாற்றிவிட்டது என்றால் முழுப் பணத்தையும் திருப்புவதே சரி, வரும் கொரியர் செலவும் விற்றவருடையதே. எக்ஸ்சேஞ்ச் பொருந்துவது வேறு இடத்தில்: பார்சல் மாறிப் போயிருந்தால், பிளவுஸ் பிட் இல்லாத பீஸ் போயிருந்தால், அதே டிசைன் கையிருப்பிலும் இருந்தால்.

விலையைக் குறைக்கும் வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. நெசவுக் குறைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இழை இழுத்திருக்கிறது, சின்னக் கறை இருக்கிறது என்றால், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முந்தானை நுனியிலிருந்து எத்தனை முழம் தள்ளி இருக்கிறது என்றும் கேளுங்கள். உள்சுற்றில் மறைந்துபோகும் குறை என்றால் 150 முதல் 250 வரை குறைத்தால் பெரும்பாலோர் சேலையை வைத்துக்கொள்வார்கள். முந்தானையிலோ முன் கொசுவத்திலோ இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், திரும்ப வாங்கிவிடுங்கள். தொகையை 50 ரூபாயில் ஆரம்பித்துப் பேரம் பேசாதீர்கள். மனக்கசப்பு அங்கேதான் முற்றும். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"சிஸ்டர், ஃபோட்டோ பார்த்தோம், குறை எங்க பக்கம்தான். சேலையை வச்சுக்கறதா இருந்தா இன்னைக்கே 200 ரூபா அனுப்பிடறோம். வேண்டாம்னா திருப்பி அனுப்புங்க, கொரியர் செலவோட முழுப் பணமும் தர்றோம். எது வசதின்னு சொல்லுங்க."

வரவு வைப்பது, குறை எதுவும் இல்லாமல் வாங்கியவர் மனம் மாறியதற்கு மட்டும். தவறு விற்றவர் மேல் இருக்கும்போது வாங்கியவருடைய பணத்தைப் பிடித்துவைப்பது நியாயமே இல்லை.

'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று எழுதிப் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பழுதான பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப வாங்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. வாங்கியவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டால் போதும், புகார் பதிவாகிவிடும்.

ஓபனிங் வீடியோ (வாங்கியவர் பார்சலைப் பிரிக்கும்போதே எடுக்கும் வீடியோ) கட்டாயம் என்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். பொருள் குறைந்திருந்தது, மாறியிருந்தது என்பதற்கு அது சாட்சி. நிறத்துக்கும் சாயத்துக்கும் அதனால் பயனில்லை. சாயம் போகிறது என்ற புகார் துவைத்த பிறகுதான் வரும். அதற்கு முன்பே, வாங்கும் லாட்டில் ஒரு சேலையின் ஓரத்தை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த லாட்டை விற்கவே வேண்டாம்.

திரும்பி வரும் சேலை உங்களுடையதுதானா என்பதற்கும் ஆதாரம் வேண்டும். அனுப்பும்போதே முந்தானை, பார்டர் ஓரம் இரண்டையும் கிட்டத்தில் படமெடுத்து, மடிப்பதிலிருந்து முகவரி ஒட்டுவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்துவையுங்கள். பணத்தை, வந்த அதே யுபிஐ ஐடிக்கே அனுப்புங்கள். 'வேற நம்பருக்குப் போடுங்க' என்றால், முதலில் ஆர்டர் கொடுத்த எண்ணுக்கே போன் செய்து உறுதிசெய்யுங்கள். அனுப்பியதும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை மெசேஜில் போடுங்கள். 'பணம் வரலையே' என்ற அடுத்த சண்டை வராது.

குறையோடு திரும்பி வந்த சேலையைச் சத்தமில்லாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். குறையைக் கிட்டத்தில் படம் எடுத்து, இடத்தையும் சொல்லி, 1,450க்குப் பதில் 1,100 என்று போட்டால் வீட்டில் கட்ட வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.