குழந்தைகள் ஏறும் குதிரை என்று சொல்லி நொண்டிக் குதிரையை விற்றான்: 1,85,000 ரூபாய் போச்சு, உஷார்

மதுரையில் அழகர்கோவில் சாலைப் பக்கம் சின்ன அளவில் குதிரையேற்றப் பயிற்சி நடத்துகிறேன். பழைய பைக், சோபா, ஆடு, மாடு எல்லாம் விற்கிற ஒரு விளம்பர ஆப்பைப் பார்த்துக் குதிரை வாங்கி, 1,85,000 ரூபாயைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். ஆள் பெயர், ஆப் பெயர் இப்போதைக்கு வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் போடவில்லை.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் அவன் செய்தது எவ்வளவு பெரிய பாவம் என்று புரியும். விடியும் முன்னே லாயத்தில் இருப்பேன். லத்தி அள்ளும்போதே அது சரியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி முற்றினால் உயிரே போய்விடும். அப்புறம் ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பில் சிக்கிய கல்லைச் சுரண்டி எடுத்து, காலில் சூடு தெரிகிறதா என்று தடவிப் பார்த்து, அதன் பிறகுதான் சேணம் கட்டுவது. பிள்ளைகள் வந்ததும் ஹெல்மெட் வாரைப் பூட்டி, கால் வைக்கிற அங்கவடியின் நீளத்தைச் சரிசெய்து, “குதிகாலை இறக்கு, முன்னால பாரு” என்று தொண்டை வற்றக் கத்த வேண்டும். குதிரை ஓட்டத்தில் முன்னங்கால் மடங்கி விழுந்தால், மேலே இருக்கிற குழந்தை தலைகுப்புறப் போகும். தினமும் நான் பயப்படுவது அது ஒன்றுக்குத்தான்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவதைப் பார்த்த கையோடு, குதிரை ஏறியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகள் வருடா வருடம் வருவார்கள். கோடை வகுப்புதான் எங்களுக்கு வருமானம். இருந்த பெண் குதிரைக்கு வயதாகிவிட்டது, இனி ஓய்வு கொடுத்தாக வேண்டும். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தை ஆடி மாதம்தான் கூடும், அதுவரை காத்திருக்க முடியாது. அந்த நேரத்தில்தான் ‘சாது குதிரை, குழந்தைகள் ஏறலாம்’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டது.

நேரில் போனேன். பல்லைப் பார்த்தேன், நான்கு காலையும் தூக்கிப் பார்த்தேன், கெட்டித் தரையில் ஓட்டச் சொன்னேன், நானும் ஏறி ஓட்டினேன். ஒரு அடி பிசகவில்லை. “ஏதாவது ஊசி, மருந்து குடுத்திருக்கீங்களா?” என்று நேரடியாகவே கேட்டேன். “புல்லும் கொள்ளுந்தானுங்க” என்றான். அதோடு நிற்கவில்லை. தன் சின்ன மகளைத் தூக்கிச் சேணமில்லாத முதுகில் உட்கார வைத்தான். அது பிடரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “மாஸ்டர், பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றவருங்க நீங்க. உங்ககிட்டப் பொய் சொன்னா என் பிள்ளைக்கு ஆகுமுங்களா?” என்றான். பெற்ற பிள்ளையைச் சாட்சி வைத்துப் பேசுகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? அங்கேயே ஜிபேயில் 25,000 ரூபாய் போட்டேன். குதிரையை வண்டியில் ஏற்றியதும் மீதி 1,60,000 ரூபாயை அவன் வங்கிக் கணக்கில் போட்டேன். வண்டி வாடகை தனி.

வந்த வாரமே வேஷம் கலைந்தது. நீளக் கயிற்றில் வட்டமாக ஓட விட்டபோது, முன்னங்கால் ஒன்று தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கால் வலிக்கிற குதிரை செய்வது அது. கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். குளம்புக்குள்ளே இருக்கிற நேவிகுலர் என்ற சின்ன எலும்பு கெட்டிருக்கிறது. பழைய நோய், முழுசாகக் குணமாகாது என்றார். விற்கிற அன்று பினைல்பியூட்டசோன் மாதிரி வலி மருந்து கொடுத்திருந்தால் நன்றாகவே ஓடும், மருந்தின் வேகம் தணிந்ததும் நொண்டும் என்றார். அந்த முதுகில்தான் அவன் தன் மகளை ஏற்றினான்! என்னிடம் படிக்கிற பிள்ளைகளையும் ஏற்றச் சொல்லி விற்றான்!

போன் போட்டால் முதலில் “வண்டியில வந்த அலுப்புங்க” என்றான். அப்புறம் “லாடம் அடிச்சவன் சரியில்லைங்க”. அப்புறம் “உங்க ஊரு வெயில் ஒத்துக்கலை”. எக்ஸ்ரே படத்தை அனுப்பியதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஆப் நிறுவனத்துக்கு எழுதினால், ‘நாங்கள் விளம்பர இடம் மட்டுமே தருகிறோம், பரிவர்த்தனைக்குப் பொறுப்பல்ல’ என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். மனுஷன் எழுதியதா மெஷின் எழுதியதா என்றுகூடத் தெரியவில்லை. காவல் நிலையத்தில், “விலை பேசி நீங்களே பார்த்து வாங்கியிருக்கீங்க, இது சிவில் கேஸ்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய்! கோடை வகுப்புக்கு வாங்கிய பணத்தைப் பெற்றோர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது இதில் சேராது. அந்த வாயில்லாத ஜீவன் இப்போது மெத்தென்ற மணல் தரையில் நிற்கிறது. அதற்கும் மருத்துவச் செலவு நான்தான் பார்க்கிறேன். வேறொருவன் தலையில் கட்ட எனக்கு மனசு வராது.

குதிரை வாங்கப் போகிறவர்கள் உங்கள் டாக்டரைக் கூட்டிப்போங்கள். பணம் போடும் முன் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாளும் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் வட்டமாக ஓட விட்டுப் பாருங்கள். நோய் இல்லை, மருந்து கொடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, ஆன்லைன் பண மோசடிக்கு 1930. எனக்கு இப்போது இவ்வளவுதான் தோன்றுகிறது.

இன்று சாயங்காலம் அதே ஆப்பில், அதே கொட்டகை, அதே வேப்பமரம் தெரிகிற மாதிரி புது விளம்பரம் வந்திருக்கிறது. இந்த முறை வெள்ளைக் குதிரை. ‘குழந்தைகள் ஏறலாம்’ என்றே போட்டிருக்கிறான். யாராவது அதைப் பார்த்து அட்வான்ஸ் போட இருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள்.