ஒரே குப்பியில் இரண்டு திரிபுகள்: ஃபிலாவாக் முயல் தடுப்பூசி

2017 இலையுதிர்காலத்தில், இங்கிலாந்தில் எங்கள் வீட்டுச் சாம்பல் நிற முயல் இரவு பத்து மணிக்கு உலர்புல் தின்றுகொண்டிருந்தது. விடிந்து பார்க்கையில் கழுத்து பின்னுக்கு வளைந்து விறைத்துக் கிடந்தது, மூக்கோரத்தில் ரத்தம் உறைந்திருந்தது. ஆண்டு தவறாமல் தடுப்பூசி போட்டிருந்தோம். ஆனால் அந்தத் தடுப்பூசி, முயல்களைத் திடீரெனக் கொல்லும் ரத்தக்கசிவு நோய் வைரஸின் பழைய திரிபை மட்டுமே தடுக்கும் என்பதை, அப்போது நாங்கள் சென்றுவந்த மருத்துவமனையில் ஒருவரும் சொல்லவில்லை. அதன்பின் வாங்கிய இரு முயல்களுக்கும் ஃபிலாவாக்தான் போட்டு வருகிறேன்.

இந்த வைரஸின் மரபுச் செய்தி முழுவதும் ஏறத்தாழ 7,400 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழைக்குள் அடங்கிவிடும். 1984-ல் சீனாவில் முதலில் கண்டறியப்பட்ட வகையிலிருந்து, தொண்ணூறுகளில் ஐரோப்பாவில் சற்றே மாறிய ஒரு துணைவகை கிளைத்தபோதும் பழைய தடுப்பூசிகள் ஈடுகொடுத்தன. 2010-ல் பிரான்சில் தலைகாட்டிய இரண்டாம் வகையோ அந்த வம்சத்தைச் சேர்ந்ததே அல்ல, தனிக் கிளை. வைரஸின் மேலுறையாக அமையும் வி.பி.60 என்ற புரதத்தில், முயலின் எதிர்ப்பொருள்கள் போய்ப் பற்ற வேண்டிய புறப்பகுதிகளிலேயே வேறுபாடுகள் மிகுந்திருப்பதால், பழைய ஊசி தரும் காப்பு இதனிடம் அரைகுறையாகவே நிற்கிறது. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளைப் பழைய வகை பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டாம் வகையோ சில வாரக் குட்டியையும் கொல்கிறது. போதாக்குறைக்கு, இந்த வைரஸ்கள் தமக்குள் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. மேலுறை ஒரு வகையினுடையதாகவும் பெருகும் கருவி வேறொரு வகையினுடையதாகவும் உள்ள கலப்புத் திரிபுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. எதிர்ப்பொருள்கள் பற்றுவது மேலுறையை என்பதால், தடுப்பூசியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அதையே.

ஃபிலாவாக்கின் மதிப்பு இங்குதான் இருக்கிறது: 2011-ஆம் ஆண்டின் பழைய வகைத் திரிபு ஒன்று, 2012-ஆம் ஆண்டின் இரண்டாம் வகைத் திரிபு ஒன்று, இரண்டும் செயலிழக்கச் செய்யப்பட்டு ஒரே குப்பியில் உள்ளன. அரை மில்லிலிட்டர் மருந்தைத் தோலுக்கடியில் போடுகிறார்கள். ஒரு வாரத்தில் காப்பு தொடங்கி ஓராண்டு நீடிக்கிறது. ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி தட்டுப்படலாம் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. தானே கரைந்துவிடும், பதற வேண்டாம்.

குறைகளும் உண்டு. பத்து வாரம் நிறைந்த பிறகே போடலாம் என்பது, இளங்குட்டிகளையும் கொல்லும் ஒரு திரிபின் முன்னே பெரிய இடைவெளி. முயல்களைத் தாக்கும் மற்றொரு வைரஸ் நோயான மிக்ஸோமாவுக்கும் இதில் காப்பு இல்லை. நோபிவாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பூசி ஐந்து வாரத்திலிருந்தே போடக்கூடியது; மிக்ஸோமாவையும் இரு திரிபுகளையும் ஒருங்கே தடுக்கிறது. முதன்முறை தடுப்பூசி போடும் குட்டிக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அது ரத்தக்கசிவு நோய் வைரஸின் கூறுகளை உயிருள்ள மிக்ஸோமா வைரஸின் மேல் ஏற்றி உடலுக்குள் அனுப்பும் மருந்து என்பதால், மிக்ஸோமாவுக்கு எதிராக வேறு தடுப்பூசி பெற்ற முயலுக்கோ அந்நோய் வந்து பிழைத்த முயலுக்கோ ரத்தக்கசிவு நோய்க்கான எதிர்ப்புத்திறன் போதிய அளவு உருவாகாமல் போகலாம். அத்தகைய முயல்களுக்கு ஃபிலாவாக்கைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

இப்போதெல்லாம் ஊசி போடும் முன் குப்பியை என் கையில் வாங்கி, சிட்டையில் இரு திரிபுகளும் அச்சிடப்பட்டிருப்பதைப் படித்த பிறகே முயலைக் கூடையிலிருந்து எடுக்கிறேன். மருத்துவர் அந்தச் சிட்டையைக் கிழித்து முயலின் அட்டையில் ஒட்டித் தருகிறார்.