ஐடிலில் ஆடும் இன்ஜினும் ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனரும்: சில வருட அனுபவம்

மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டில் ஓடுவது 2014 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இந்த வண்டிக்கென்று நான் வாங்கியவற்றில் போட்ட காசுக்கு மேல் உழைத்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் ஓபிடி ஸ்கேனரைத்தான் சொல்வேன். இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் எண்களையும் பிழைக் குறியீடுகளையும் போனில் காட்டும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த ப்ளூடூத் கருவி. சில வருடங்களாகக் கையில் இருக்கிறது. அதிகம் உதவியது ஒரே தொந்தரவுக்கு: வண்டி நிற்கும்போது, ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில், இன்ஜின் ஆடுவது.

முதலில் அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஐடிலில் இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்றால், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து விநாடிக்கு 25 தடவை எரிபொருள் வெடிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு ஆறு தடவைக்குக் கொஞ்சம் கூட. ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் (எரிபொருள் எரியாமல் தவறினால்), அந்த ஆறு இடமும் ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் தட்டும். எண்பதில் போகும்போது இதே குறை பெரும்பாலும் மறைந்துவிடும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும்போது மறைக்க இடமே இல்லை. அதனால்தான் நம் பக்கத்தில் பலருக்கும் இந்தக் கோளாறு முதலில் தெரிவது கேட்டில்தான்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் சொருகி, போனில் ப்ளூடூத்தோடு சேர்த்து (ரகசிய எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000), டார்க் அல்லது கார் ஸ்கேனர் மாதிரி ஒரு ஆப்பைத் திறந்தால் வேலை ஆரம்பம். உள்ளே இருப்பது இஎல்எம்327 என்ற சிப்பின் நகல். அசல் சிப்பைத் தயாரித்த கனடா நிறுவனம் 2022இல் கடையை மூடிவிட்டது. சந்தையில் 1.5, 2.1 என்று எண் போட்டு விற்பார்கள். 1.5 என்ற பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே கிடையாது, ஆனாலும் அந்த எண் போட்ட நகல்கள்தான் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கின்றன. 2.1 என்று போட்டவற்றில் பல, பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே சொல்லாது. என்னிடம் இருப்பது 1.5.

வாங்கியதும் பிழைக் குறியீடு பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இதன் பலன் அங்கே இல்லை. வண்டி நன்றாக இருக்கும்போதே அதன் எண்களை எழுதி வைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. இன்ஜின் முழுச் சூடு ஏறிய பிறகு, ஏசியும் விளக்கும் அணைத்துவிட்டு ஐடிலில் ஆர்பிஎம், மேனிஃபோல்ட் பிரஷர் (சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயின் உள் அழுத்தம்), காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் என்ற இரண்டு ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுகிறது என்ற எண்). அப்புறம் அதே எண்களை 2500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை. இவ்வளவுதான். என் வண்டியில் ஐடிலில் 700 முதல் 750 ஆர்பிஎம், பிரஷர் 33 முதல் 35 கிலோபாஸ்கல். ஆர்சி புத்தகம் வைத்திருக்கும் உறையிலேயே இந்தத் தாளையும் வைத்திருக்கிறேன்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் பிரஷர் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். நம் டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய நிலம், ஆகவே 100, 101 என்று வர வேண்டும். ஊட்டிக்கு ஏற்றிப் போனால் அதே சென்சார் 78ஐ ஒட்டி இறங்கும். இங்கே நின்றுகொண்டு 90 என்று காட்டினால், மற்ற எண்களை நம்புவதற்கு முன் சென்சாரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி எலி விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டெல்டாவில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது வரும். தையில் சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் வரப்பில் இருந்த எலியெல்லாம் வீட்டுப் பக்கம் திரும்பும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் கதகதப்பும் இருட்டும் இரண்டும் கிடைக்கிறது. ஒரு அறுவடைக்குப் பிறகு எங்கள் வண்டியில் ஐடில் நிலையாக நிற்காமல் 700க்கும் 1000க்கும் நடுவே ஏறி இறங்க ஆரம்பித்தது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. ஸ்கேனரில் குறியீடும் இல்லை.

வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் கேட்டதும் சொன்னார்: "த்ராட்டில் பாடி அழுக்காயிருக்கும் தம்பி, கழுவிட்டா சரியாயிரும்." பத்து வண்டியில் பாதிக்கு மேல் அதுதான் காரணமாக இருக்கும், அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் என் தாளில் இருந்த எண் வேறு மாதிரிச் சொன்னது. "அண்ணே, அழுக்கு அடைச்சா காத்துக்கு வழி குறையும். அப்ப த்ராட்டில் வழக்கத்தைவிடக் கூடத் திறக்கணும். இது வழக்கத்தைவிடக் குறைவால்ல திறந்திருக்கு?" என்று போனைக் காட்டினேன். அவர் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப வேற எங்கேயோ காத்து இழுக்குது. ஹோஸ் எல்லாம் பாருங்க" என்றார்.

ஃப்யூல் ட்ரிம்மைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் இங்கே சொல்ல வேண்டும். வேக்குவம் கசிந்தால், அதாவது த்ராட்டிலைத் தாண்டி வெளிக்காற்று உள்ளே புகுந்தால், ஐடிலில் ட்ரிம் பிளஸ் 15, 20 என்று ஏறும், 2500இல் இறங்கிவிடும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். உள்ளே வரும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள இன்ஜினுக்கு அது சரி. சென்சாரைத் தாண்டி உள்ளே புகும் காற்று கணக்கில் வராததால் பெட்ரோல் குறைந்துபோகும், கம்ப்யூட்டர் அதை ட்ரிம்மில் சரிக்கட்டும். என்னுடைய வண்டி மாதிரி மேனிஃபோல்ட் பிரஷரை வைத்துக் கணக்குப் போடும் இன்ஜினில், கசிந்து வரும் காற்றும் அந்த அழுத்தத்திலேயே தெரிந்துவிடும். அதற்கேற்ற பெட்ரோலும் போய்விடும். ட்ரிம் பெரிதாக அசையாது. த்ராட்டில்தான் வழக்கத்தைவிட மூடிக்கொள்ளும். இது தெரியாமல் "ட்ரிம் நன்றாக இருக்கிறது, கசிவு இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உங்கள் வண்டியில் எந்த சென்சார் என்று ஆப்பிலேயே பார்க்கலாம்.

கசிவைத் தேட வீட்டில் நான் செய்வது: இன்ஜின் ஐடிலில் ஓட, குறட்டின் வாயில் துணியைச் சுற்றிக்கொண்டு ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடிப்பது. எந்த ஹோஸை அழுத்தும்போது ஐடில் அடங்குகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு. என் வண்டியில், இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியைத் திரும்பக் காற்று வழிக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸை அழுத்தியதும் முள் 720இல் அசையாமல் நின்றது. கழற்றித் திருப்பினால், மேலிருந்து பார்த்தால் தெரியாத அடிப்பக்கத்தில் வரிசையாகப் பல் பதிந்த தடமும் நடுவே உளுந்து அளவுக்கு ஒரு ஓட்டையும். ஹோஸின் உள்விட்டத்தை அளந்து, எண்ணெய் தாங்கும் ரகத்தில் புதிதாக வாங்கி க்ளாம்ப் போட்டேன். தோட்டத்து டியூபையோ சாதாரணப் பிளாஸ்டிக் பைப்பையோ வெட்டிப் போடாதீர்கள். எண்ணெய் ஆவியிலும் சூட்டிலும் இளகி, உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்போது அறுவடை மாதங்களில் வண்டியை வைக்கோல், நெல் மூட்டை பக்கம் நிறுத்துவதில்லை. வாரம் ஒரு தடவை பானட்டைத் திறந்து டார்ச் அடித்து ஹோஸையும் ஒயரையும் பார்க்கிறேன்.

கசிவு தேட எரியக்கூடிய ஸ்ப்ரேயை ஓடும் இன்ஜின் மேல் அடிக்கச் சொல்வார்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். சாம்பிராணிப் புகை, ஊதுவத்தி எதுவும் பானட்டுக்குள் கூடாது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில், திறந்த வெளியில்தான் வண்டி ஓட வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளை முடித்துவிடும். தோளில் துண்டு கிடந்தால் கழற்றி வைத்துவிட்டுக் குனியுங்கள். பெல்ட்டும் ஃபேனும் அதை இழுக்க ஒரு நொடி போதும்.

அடுத்தது மழைக்காலம். கார்த்திகையில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓட்டி வந்த பிறகு இன்ஜின் நடுங்கியது, செக் இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. இந்த விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கிறது என்று அர்த்தம், ஓரங்கட்டுவதே நல்லது. ஸ்கேனர் காட்டியது பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். காரணம் ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலா, ப்ளக்கா, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரா என்று அது சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி இருக்கிறது. ஒவ்வொரு ப்ளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியாக இருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றுக்கும் மூன்றாவதை இரண்டுக்கும் மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 என்று வந்தால் காயில்தான். இரண்டிலேயே நின்றால் ப்ளக்கை இதே மாதிரி மாற்றிப் பார்க்க வேண்டும், அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். என் வண்டியில் மூன்றுக்கு நகர்ந்தது. அந்தக் காயிலின் ரப்பர் உறையில் மேலிருந்து கீழே தலைமுடி கனத்துக்கு ஒரு வெளிறிய கோடு. ஈரத்தில் மின்சாரம் ப்ளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே இன்ஜின் உடம்புக்கு இறங்கியிருக்கிறது. ப்ளக் குழியின் அடியில் தண்ணீரும் நின்றது. இந்த நிலையில் ப்ளக்கை உடனே கழற்றினால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். டயருக்குக் காற்றடிக்கும் சைக்கிள் பம்ப்பால் ஊதி, துணியால் ஒற்றி எடுத்த பிறகே கழற்றினேன். ஒரு காயிலும் நான்கு ப்ளக்கும் மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. இப்போதெல்லாம் வாட்டர் வாஷ் கொடுக்கும்போது இன்ஜின் மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேனருக்கு எட்டாத இடமும் உண்டு. ஒரு சமயம் ஏசி போட்டதும் வண்டி அதிர்ந்தது. ஆனால் எல்லா எண்ணும் தாளில் இருந்தபடியே, சிலிண்டர் வாரியாக மிஸ்ஸிங் எண்ணிக்கையும் பூஜ்யம். இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறது, அதைத் தாங்குவது சரியில்லை என்று புரிந்தது. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் பிளந்திருந்தது. இதை வீட்டில் மாற்றாதீர்கள், இன்ஜினை முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டும். பட்டறை வேலை.

சமீபத்தில் நிறையப் பேர் கேட்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி. என் தாளில் லாங் டேர்ம் ட்ரிம் முன்பு இருந்ததைவிட நான்கு சதவீதத்தை ஒட்டி மேலே போயிருக்கிறது. இதைக் கண்டு கசிவு என்று பயப்பட வேண்டாம். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு எரிபொருள் கூடத் தேவை. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், எத்தனாலுக்கு 9 பங்கு. பத்து சதவீதக் கலவையிலிருந்து இருபதுக்குப் போகும்போது இந்த நான்கு சதவீதம் கணக்குப்படி வர வேண்டியதுதான். ஐடிலிலும் 2500இலும் ஒரே அளவு ஏறியிருந்தால் எரிபொருள், எம்ஏஎஃப் சென்சார் உள்ள வண்டியில் ஐடிலில் மட்டும் ஏறினால் கசிவு, வேகத்தில் மட்டும் ஏறினால் ஃப்யூல் ஃபில்டரையும் பம்ப்பையும் பாருங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி 2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டி என்றால், சாக்கெட் இருந்தாலும் எல்லா எண்ணும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நண்பரிடம் இருந்தால் ஒரு தடவை சொருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்புறம், சாக்கெட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும், கருவியை அப்படியே விட்டுவிட்டு வண்டியை நாள்கணக்கில் எடுக்காமல் வைத்தால் பேட்டரி இறங்கிவிடலாம். ஆன், ஆஃப் பட்டன் வைத்த மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே எடுங்கள். என்னுடையதில் அது இல்லை, வேலை முடிந்ததும் பிடுங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன்.