கோப்பா, வார்டா, கதவா? டர்பனில் இதய ஆய்வு தொடங்குபவருக்கு

டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மாலை போட்ட படங்கள் மூன்று இருக்கின்றன. மூவரும் ஆண்கள், மூவரும் அறுபதைக் காணாதவர்கள், மூவருக்கும் நெஞ்சு வலி. இப்படி ஒரு சுவர் இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அபூர்வமல்ல. பொதுச் சுகாதாரம் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் கடைசியில் இதய நோயில் வந்து நிற்பது அதனால்தானோ என்னவோ. வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, தரவுக்கு எங்கே போவது?"

வழிகள் நான்கு. நான்கிலும் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறேன், ஒன்றில் நன்றாக இடறியும் விழுந்திருக்கிறேன். எந்த வழியில் போனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. நம்மவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று காட்டுவதோடு ஏற்றத்தாழ்வு ஆய்வு முடிவதில்லை. யாரோடு ஒப்பிட்டு அதிகம், ஏன் அதிகம் என்பதற்குத் தராசின் மறு தட்டும் அதே அளவுகோலால் நிறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதல் வழி, கோப்பு; அதாவது பிறர் ஏற்கெனவே திரட்டி வைத்த கணக்கெடுப்புத் தரவு. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்பும், 2008 முதல் 2017 வரை ஐந்து சுற்றுகள் நடந்த தேசிய வருமான இயக்கவியல் ஆய்வும் பதிவு செய்துகொண்டால் இலவசமாகவே கிடைக்கும். பதினைந்து வயதைத் தாண்டிய பெண்களில் 46 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் உயர் இரத்த அழுத்தம் என்ற கணக்கு முன்னதிலிருந்து வந்ததுதான். செலவு உங்கள் மின்சாரக் கட்டணம் மட்டுமே.

ஆனால் 2022 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்நாட்டில் இந்திய, ஆசிய வம்சாவளியினர் 2.7 விழுக்காடு. அதே விகிதத்தில் பத்தாயிரம் பேரை அளந்தால் நம்மவர் 270 பேர். அவர்களை ஆண், பெண் எனப் பிரித்து, பத்துப் பத்து வயதாக மறுபடி பிரித்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் இருபது பேர் தேறினால் பெரிது. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறையும், போன ஆண்டு கராச்சியிலிருந்து வந்து கைபேசிக் கடை வைத்தவரும் ஒரே கட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தமிழரைத் தனியே பிரிக்கவும் வழியில்லை. வீட்டு மொழி என்ற இடத்தில் நாம்தான் ஆங்கிலம் என்று எழுதி வைத்திருக்கிறோமே!

இரண்டாவது, மருத்துவமனைப் பதிவேடு. இதன் வலிமைக்குச் சான்று, ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிக் கறுப்பின மக்கள் வாழும் சொவேட்டோவின் இதய ஆய்வு. கிறிஸ் ஹானி பாரக்வனாத் மருத்துவமனைக்கு 2006இல் புதிதாக வந்த 1,593 இதய நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கு இதயச் செயலிழப்பு, மாரடைப்புக்கு வழிவகுக்கும் இதயத் தமனி நோய் பத்தில் ஒருவருக்குத்தான். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் கதைக்கு நேர்மாறு. ஆனால் பதிவேடு மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்களை மட்டுமே எண்ணும். வழியில் இறந்தவர் அதில் இல்லை. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர் தனியார் மருத்துவமனைக்குப் போயிருப்பார். நாடு முழுக்க ஆறில் ஒருவருக்குத்தான் அது உண்டு. நம்மவரிடையே அந்தப் பங்கு இன்னும் பெரிது. ஆகவே அரசு வார்டில் நீங்கள் காணும் இந்தியர் நம்மில் ஒரு பகுதி மட்டுமே.

நான் ஆறு மாதம் கோப்பு புரட்டிய ஒரு மருத்துவமனையில் இனம் என்ற இடத்தை எழுத்தர் குடும்பப் பெயரைப் பார்த்தே நிரப்பியிருந்தார். உயரம் பாதிக் கோப்புகளில் இல்லை. இரத்த அழுத்தமோ 140/90, 150/90, 160/100 என்று எப்போதும் பூஜ்யத்தில்தான் போய் முடிந்தது. மனித உடல் அவ்வளவு ஒழுங்கானதல்ல. எனினும் வலி தொடங்கியதிலிருந்து மருந்து ஏறும்வரை எவ்வளவு நேரம் போனது, யாருக்கு அதிகம் போனது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் வார்டை விட்டால் வேறு இடமில்லை.

மூன்றாவது, ஒரே மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் பெரிய தொடர் ஆய்வொன்றில் சேர்வது. எம்புமலாங்கா மாகாணத்தின் அகின்கோர்ட்டில் நாற்பது வயதைத் தாண்டிய 5,059 பேருடன் 2014இல் தொடங்கிய ஹால்சி, நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே உம்கன்யகுடே மாவட்டத்தில் 18,000 பேரைச் சோதித்த வுகுஸாஸி போன்றவை. அளவீடு கச்சிதம், கற்றுக்கொடுக்க ஆளுண்டு. ஆனால் இரண்டும் கறுப்பின மக்கள் வாழும் கிராமப்புறங்களில் நடப்பவை, நம்மவரை வைத்து ஒப்பிட அங்கே தட்டு இல்லை. ஹால்சிக்கு அமெரிக்க அரசின் பணம் வந்துகொண்டிருந்தது. 2025இல் தென்னாப்பிரிக்க ஆய்வுகளுக்கான அமெரிக்க நிதி வெட்டப்பட்டபோது இளம் ஆய்வாளர்களின் நிலை என்ன ஆனது என்பதை நண்பர்களின் முகத்தில் பார்த்தேன். கட்டுரையில் உங்கள் பெயர் பத்தொன்பதாவதாக வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கதவைத் தட்டுவது; வீடு வீடாகப் போய் நாமே அளப்பது. என் சாய்வு இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை. டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பீனிக்ஸ் வாழ்க்கைமுறை ஆய்வு 15 முதல் 64 வயது வரையுள்ள ஆயிரத்துக்கும் அதிகமான இந்திய வம்சாவளியினரை அளந்து, அவர்களிடையே இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகள் மிகுந்திருப்பதை 2016இல் வெளியிட்டது. அடுத்த கேள்வி நம்மவருக்குள்ளேயே இருக்கும் இடைவெளி. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிகள் சட்டம் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்து எறிந்தவர்கள் பலர் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார்கள். இன்று அங்கேயே, ஏழைகளின் வெஸ்ட்கிளிஃப் அடுக்குமாடிகளுக்கும் வசதியானவர்களின் சில்வர்கிளென் பங்களாக்களுக்கும் இடையே காரில் சில நிமிடங்கள்தான். பரம்பரை ஒன்று, கோயில் ஒன்று. இரு பக்கமும் ஒரே கருவியால் அளந்தால் "இந்தியர் இதயமே பலவீனம்" என்ற பழைய பேச்சு எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிந்துவிடும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முந்தி வந்தது. அதற்குப் பெரும்பாலும் காரணம், ஆபத்துக் காரணிகள் இளவயதிலேயே மிகுந்திருந்ததுதான்.

கதவைத் தட்டுவதில் தொல்லைகளும் உண்டு. அறநெறிக் குழு அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஞாயிறு காலையில் நாய்களைத் தாண்டி உள்ளே போனால் ஆறு வீடு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நான் இடறி விழுந்ததும் இங்கேதான். உணவுக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு செப்டம்பர் இறுதியில் இறங்கினேன். நாற்பது வீடுகளில் நாற்பதும் பருப்பு, கீரை, கத்தரிக்காய். இறைச்சி என்ற பேச்சே இல்லை. ஒரு மாமி சிரித்துக்கொண்டே, "கண்ணு, இது புரட்டாசி மாதம், அதற்கப்புறம் வந்து கேள்" என்றார். தமிழச்சியாய்ப் பிறந்து அது எனக்குத் தோன்றாமல் போனது. நாற்பது தாள்களும் வீண்.

ஆனால் கோப்பில் கிடைக்காதது இங்கே கிடைக்கும். ரொட்டியின் உப்பைக் குறைக்க 2016 ஜூன் முதல் சட்டம் இருக்கிறது. மேசை மேல் இருக்கும் மாங்காய் ஊறுகாய் ஜாடிக்கு எந்தச் சட்டமும் இல்லை. வெஸ்ட்கிளிஃபில் ஒரு ஆயா, மாத்திரைப் பையை மடியில் கொட்டி ஒன்றைத் தனியே ஒதுக்கினார். அழுத்தம் குறையச் சிறுநீரைப் பிரிய வைக்கும் நீர் மாத்திரை. "கிளினிக் போகிற நாளில் இதைப் போட மாட்டேன். மினிபஸ் டாக்சியிலும் வரிசையிலும் கழிப்பறைக்கு எங்கே போவேன்?" ஆக, அவருடைய அழுத்தத்தை அளக்கும் நாளெல்லாம் மருந்து போடாத நாள். கிளினிக் அட்டையில் அது ஏறியே இருக்கிறது, மருந்தின் அளவும் கூடிக்கொண்டே போகிறது. காரில் போகும் சில்வர்கிளென் பெண்மணிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்த அட்டைதான் பிறகு யாரோ ஒருவரின் மருத்துவமனைத் தரவாகிறது.

அதனால் முதல் ஆண்டு இலவசக் கோப்புகளில் கை பழகுங்கள். அதில் ஒரு கட்டுரையும் வரும். அது முடிவதற்குள் அறநெறி அனுமதிக்கு எழுதி, இரண்டே பேட்டைகளில், பேட்டைக்கு நூற்றைம்பது வீடு என்று இறங்குங்கள். கணக்கை முதலிலேயே புள்ளியியலாளரிடம் காட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் உட்கார வைத்து இரத்த அழுத்தத்தை மூன்று முறை அளந்து பாருங்கள், தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லுங்கள். பெரிய கைப்பட்டையைத் தனியாக வாங்க மறக்க வேண்டாம். என் கருவியோடு பெட்டியில் வந்தது நடுத்தரம் மட்டும். பருத்த கையில் அதை இறுக்கிக் கட்டினால் இல்லாத அழுத்தத்தையும் அது காட்டும்.