சைஸ்ஆஃப் எந்த எண்ணைச் சொல்ல வேண்டும்? சிறிய இன்டர்பிரிட்டருக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலில் வார இறுதிகளில் சி மொழி கற்பிக்கிறேன். நிரல் ஒவ்வொரு வரியாக நகர்வதையும் நினைவகத்தில் என்ன மாறுகிறது என்பதையும் மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக, சி மொழியின் ஒரு பகுதியை மட்டும் புரிந்துகொள்ளும் சிறிய இன்டர்பிரிட்டர் (நிரலைப் படித்து அப்படியே ஓட்டும் கருவி) ஒன்றை எழுதினேன். லாங் என்ற முழு எண் வகை நினைவகத்தில் எத்தனை பைட் பிடிக்கும், அதாவது சி மொழியில் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் (sizeof) என்ற செயற்குறி அதற்கு என்ன விடை தர வேண்டும் என்ற எளிய கேள்வியில்தான் அது முதலில் தடுமாறியது. தக்கலையிலிருந்து வரும் மாணவர் தம் கல்லூரி ஆய்வகக் குறிப்பேட்டைக் காட்டி 4 என்றார்; அதே பக்கத்தில் மற்றொரு முழு எண் வகையான இன்ட் 2 பைட் என்றும் இருந்தது. மார்த்தாண்டத்து மாணவி தம் வீட்டு விண்டோஸ் கணினியில் ஓட்டிப் பார்த்து, இன்ட், லாங் இரண்டுமே 4 என்றார். என் மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ்; அதில் இன்ட் 4, லாங் 8.

மூவரும் சொன்னது சரி. குறிப்பேட்டில் இருந்தது டர்போ சி என்ற பழைய 16 பிட் கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) காலத்துக் கணக்கு. 64 பிட் விண்டோஸ் லாங் வகையை 4 பைட்டாகவே வைத்துக்கொண்டு, நினைவக முகவரியைக் கொள்ளும் பாயிண்டரை மட்டும் 8 ஆக்கியது. 64 பிட் லினக்ஸ் இரண்டையும் 8 ஆக்கியது. சி மொழியின் தரநிலை, எழுத்துக்கான சார் வகையின் அளவு 1 என்று மட்டும் உறுதியாகச் சொல்கிறது. இன்ட் குறைந்தது 16 பிட், லாங் குறைந்தது 32 பிட் கொள்ள வேண்டும் என்று கீழ் எல்லையை வகுத்துவிட்டு மீதியைக் கம்பைலரிடம் விட்டுவிடுகிறது. படி என்ற பெயர் ஒன்றாகவும் அதன் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறாகவும் இருந்த காலத்தில், நெல் வாங்குபவர் எந்த ஊர்ப் படி என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசினார். அந்தக் கேள்வியை ஓர் இன்டர்பிரிட்டர் எங்கே, யாரிடம் கேட்கிறது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, இன்டர்பிரிட்டர் ஓடும் கணினியையே கேட்பது. இன்டர்பிரிட்டர் சி மொழியில் எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு வகைக்கும் அந்தக் கம்பைலரின் சைஸ்ஆஃப் தரும் விடையை ஓர் அட்டவணையில் நிரப்பிவிடலாம்; பத்து வரியில் வேலை முடியும். மாணவரின் நிரல் கணினியில் ஏற்கெனவே இருக்கும் சி நூலகங்களை நேரடியாக அழைக்க வேண்டுமானால் இதைத் தவிர வேறு வழியும் இல்லை, ஏனெனில் நாம் கொடுக்கும் ஸ்ட்ரக்டின் (பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிய வகை) ஒவ்வொரு பைட்டும் அந்த நூலகம் எதிர்பார்க்கும் இடத்திலேயே இருந்தாக வேண்டும். ஆனால் ஒரே பயிற்சி நிரல் மார்த்தாண்டத்தில் ஒரு விடையும் நாகர்கோவிலில் வேறொரு விடையும் தரும். வகுப்பறைக்கு இது பெரிய குறை.

இன்டர்பிரிட்டர் பைத்தானில் எழுதப்பட்டிருந்தால் இந்த வழியில் வேறொரு குழி இருக்கிறது. 1 என்ற எண்ணின் அளவைக் கெட்சைஸ்ஆஃப் மூலம் கேட்டால், பைத்தானின் வழக்கமான வடிவமான சிபைத்தான் 64 பிட்டில் 28 என்கிறது. அது அந்த எண்ணைச் சுமக்கும் பொருளின் முழு எடை. சி மொழியின் இன்ட் வகைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பைத்தானில் கேட்க வேண்டிய இடம் ஸ்ட்ரக்ட் என்ற தொகுதியின் கால்க்சைஸ். அந்தத் தொகுதி இங்கே ஒப்பிடப்படும் இரண்டு வழிகளையும் தன்னிடமே வைத்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஒன்றும் சொல்லாமல் கேட்டால் கணினியின் சொந்த அளவைத் தரும். முன்னால் ஒரு சமக்குறி இட்டுக் கேட்டால், எந்தக் கணினியிலும் மாறாத அளவைத் தரும். 64 பிட் லினக்ஸில் லாங் வகைக்கு முதல் கேள்வியின் விடை 8, இரண்டாவதன் விடை 4.

அந்தச் சமக்குறி காட்டுவதே இரண்டாவது வழி: அளவுகளை மொழியின் விதியாகவே எழுதிவிடுவது. ஜாவா இப்படித்தான் இன்ட் 4 பைட், லாங் 8 பைட் என்று எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வரையறையை வைத்தது. அங்கே சைஸ்ஆஃப் என்ற செயற்குறியே இல்லை. மொழி நம்முடையதாக இருந்தால் இதைவிடத் தூய்மையான வழி எனக்குத் தெரியவில்லை. சோதனை நிரல்களின் விடைகள் மாறாது. பிழையைத் தேடுவது எளிது. ஆனால் நான் கற்பிப்பது சி. லாங் எங்கும் 8 பைட் என்று என் கருவி பழக்கிவிட்டால், லினக்ஸில் லாங் எண்களைப் பைட் பைட்டாகக் கோப்பில் எழுதி, அதை விண்டோஸில் படிக்கும் நாளில் அந்த மாணவர் ஏமாறுவார். அந்தத் தவற்றின் மூலம் என் கருவியாக இருப்பதை நான் ஏற்க முடியாது.

மதிப்பு ஒவ்வொன்றையும் வகைக்குறி ஒட்டிய ஒரே அளவுப் பெட்டியில் வைத்து, அளவு என்ற பேச்சையே மொழியிலிருந்து நீக்கிவிடும் வழியும் உண்டு. பாயிண்டர் இல்லாத மொழிக்கு அது முற்றிலும் போதும். பாயிண்டரைக் கற்பிக்க வந்த கருவிக்கு உதவாது.

நான் இப்போது கைக்கொண்டிருப்பது வேறொரு வழி. டர்போ சி, 64 பிட் விண்டோஸ், 64 பிட் லினக்ஸ் என்று இலக்குக் கணினிகளுக்குத் தனித்தனி அட்டவணைகளை எழுதி வைத்து, தொடங்கும்போது அவற்றில் ஒன்றைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வைப்பது. கருவி எந்தக் கணினியில் ஓடினாலும், தேர்ந்த அட்டவணைப்படியே விடை வரும். இதில் வேலை அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஸ்ட்ரக்டின் அளவைக் கம்பைலரிடம் கேட்க முடியாது. நாமே கணக்கிட வேண்டும்.

ஒரு சார், ஓர் இன்ட், மீண்டும் ஒரு சார் என்று மூன்று உறுப்புகள் கொண்ட ஸ்ட்ரக்டை எடுத்துக்கொள்வோம். கூட்டினால் 6 வரும். லினக்ஸ் சொல்லும் விடை 12. முதல் சார் 0ஆம் பைட்டில் அமர்கிறது. இன்ட் 4இன் மடங்கான இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதால் 1, 2, 3 ஆகிய பைட்டுகள் வெற்றிடமாக விடப்பட்டு, அது 4 முதல் 7 வரை அமர்கிறது. கடைசிச் சார் 8ஆம் இடத்தில். அதோடு 9 பைட் போதுமே என்று தோன்றும். ஆனால் இதே ஸ்ட்ரக்டைக் கொண்டு ஓர் அரே (ஒரே வகை உறுப்புகளின் வரிசை) அமைத்தால், இரண்டாவது உறுப்பின் இன்ட் 13ஆம் இடத்தில் விழும். அது 4இன் மடங்கு அல்ல. ஆகவே வாலிலும் 3 பைட் சேர்த்து 12 ஆக்கப்படுகிறது. இன்டை முதலில் வைத்து இரு சார்களையும் பின்னால் அடுக்கினால் 8 பைட்டில் முடியும். டர்போ சியின் இயல்பு நிலையில் இடைவெளி விடும் வழக்கமே இல்லாததாலும் இன்ட் 2 பைட் என்பதாலும் அங்கே விடை 4. அதே மூன்று உறுப்புகளுக்கு 12, 8, 4 என்று விடைகள் வருவதையும் ஒவ்வொன்றின் காரணத்தையும் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டியபோதுதான், என் மாணவர்களுக்கு நினைவகம் என்பது வரிசையாக எண்ணிட்ட அறைகள் என்பது பிடிபட்டது.

அட்டவணையில் அளவுக்கு ஒரு நெடுவரிசையும், எந்த எண்ணின் மடங்கில் அமர வேண்டும் என்பதற்கு வேறொரு நெடுவரிசையும் தேவை. இரண்டும் ஒன்றுதானே என்று தொடக்கத்தில் நானும் எண்ணினேன். 32 பிட் லினக்ஸில் டபுள் என்ற தசம எண் வகையின் அளவு 8. ஆனால் ஸ்ட்ரக்டுக்குள் அது 4இன் மடங்கில் அமர்ந்தால் போதும். அதனால் ஒரு சாரும் ஒரு டபுளும் கொண்ட ஸ்ட்ரக்ட் அங்கே 12 பைட். 64 பிட் லினக்ஸில் 16. டபுளின் அளவு மாறவே இல்லை, ஸ்ட்ரக்டின் அளவு மாறிவிட்டது.

எங்கிருந்து அளவை எடுப்பது என்பதை விட, எதன் அளவை எடுப்பது என்பதில்தான் நான் அதிகம் தவறினேன். என் முதல் பதிப்பில், சைஸ்ஆஃப் அடைப்புக்குறிக்குள் இருக்கும் கோவையை (மதிப்புத் தரும் கணக்கை) ஓட்டி, கிடைத்த மதிப்பு என் கருவிக்குள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளந்தது. நான் ஒவ்வொரு மதிப்பையும் 16 பைட் பெட்டியில் வைத்திருந்ததால், பத்து இன்ட் கொண்ட அரேயின் அளவு 40 என்று வர வேண்டிய இடத்தில் 160 என்று வந்தது. அதைவிட மோசமானது சைஸ்ஆஃப்(எண்++) என்ற வரி. சி மொழியின் விதிப்படி அங்கே எண் என்ற மாறியின் மதிப்பு கூடக் கூடாது. கோவையின் வகை மட்டுமே பார்க்கப்படும், அது ஓட்டப்படாது. என் கருவி ஒவ்வொரு முறையும் எண்ணை ஒன்று கூட்டிவிட்டது.

ஆகவே கோவையை ஓட்டாமல் அதன் வகையை மட்டும் கண்டுபிடிக்கும் தனிப் பகுதி வேண்டும். அதை எழுதத் தொடங்கினால்தான் மொழியின் நுணுக்கங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. இரண்டு சார்களைக் கூட்டினால் வருவது இன்ட். ஒற்றை மேற்கோளுக்குள் இட்ட ஆங்கில எழுத்து, சி மொழியில் இன்ட். சி++ மொழியில் சார். பத்து இன்ட் கொண்ட அரேயை ஒரு ஃபங்க்‌ஷனுக்கு அனுப்பினால், உள்ளே அது பாயிண்டராகிவிடுவதால் 40 போய் 8 வரும். மேற்சொன்ன மாணவிதான் ஜிசிசி கம்பைலர் தந்த 8ஐயும் என் கருவி தந்த 40ஐயும் அருகருகே காட்டி, எது சரி என்று கேட்டார்.

வகையிலிருந்து கணக்கிடுவது என்று முடிவானால், அதை ஒரே முறை செய்து வகையின் பதிவிலேயே எழுதி வைத்துவிடலாம். சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலையான சி99இல் சேர்ந்த, நிரல் ஓடும்போதுதான் நீளம் தெரியவரும் அரே ஒன்றுதான் விதிவிலக்கு. தன்னையே உறுப்பாகக் கொண்ட ஸ்ட்ரக்டை மட்டும் கவனிக்க வேண்டும். தன் வகையைச் சுட்டும் பாயிண்டரை வைத்திருப்பது முறையானது, ஏனெனில் பாயிண்டரின் அளவு முன்னமே தெரியும். தன்னையே முழுதாக வைத்திருந்தால் கணக்கு முடிவே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கணக்கிடத் தொடங்கியதும் பதிவில் ஓர் அடையாளம் இட்டுவிட்டு, அடையாளமுள்ள வகை மீண்டும் எதிர்ப்பட்டால் பிழை என்று நிறுத்த வேண்டும்.

தமிழ்ச் சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) வந்தபோது முதல் வழியின் குழி மறுபடி எதிர்ப்பட்டது. மாணவர்கள் ஊர்ப்பெயருக்கு 20 சார் கொண்ட அரே ஒதுக்கினார்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். க் என்பதில் மெய்க்கான எழுத்தும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். தக்கலை 6 குறிகள், 18 பைட், சரம் முடிந்தது என்று காட்டும் 1 பைட் முடிவுக் குறியோடு 19, இடம் பெற்றுவிட்டது. குளச்சலுக்கு 25 வேண்டும். கன்னியாகுமரி நம் கண்ணுக்கு 7 எழுத்து, 12 குறிகள், முடிவுக் குறியோடு 37 பைட். நாகர்கோவிலில் உள்ள ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாக உள்ளிட்டால் மொத்தம் 34, ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்து உள்ளிட்டால் 37, திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தானிலோ ஜாவாவிலோ எழுதிய இன்டர்பிரிட்டர், தன் சொந்தச் சரத்தின் நீளத்தை எடுத்து ஒன்றைக் கூட்டிச் சொன்னால், கன்னியாகுமரிக்கு 13 என்ற தவறான விடையே வரும்.

சொந்தமாக மொழி படைப்பவர் இரண்டாவது வழியில் போகட்டும். கணினியின் சி நூலகங்களை அழைப்பவருக்கு முதல் வழியே கதி. சி கற்பிக்கும் கருவிக்கு, அட்டவணையைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் வழிதான் பொருந்தும் என்பது என் முடிவு. அவ்வட்டவணை ஓடும் கணினியின் பெயரிலேயே இருந்தால், தொடங்கும்போது அட்டவணையையும் அந்தக் கணினியின் சொந்த அளவுகளையும் ஒப்பிட்டு, ஓர் எண் மாறினாலும் கருவி நின்றுவிடும்படி செய்திருக்கிறேன். இப்போது எந்த நிரல் ஓடினாலும் திரையின் முதல் வரியில் தேர்ந்த அட்டவணையின் பெயர் வரும். அந்தப் பெயரையும் சேர்த்து எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. பிட் கணக்கில் இடம் பிடிக்கும் ஸ்ட்ரக்ட் உறுப்புகளை அடுக்கும் முறை கம்பைலருக்குக் கம்பைலர் மாறுவதால், அதை மட்டும் இன்னும் அட்டவணைக்குள் கொண்டுவரவில்லை.