எக்மோவும் இதய–நுரையீரல் இயந்திரமும்: 14 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கடந்த பொங்கலுக்குக் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு ஆச்சி என்னைத் தேடி வந்தார். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஐ.எல்.டி. நோயால் இரண்டு ஆண்டுகளாக ஆக்சிஜன் கருவியோடு இருக்கும் தம் கணவருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், அப்போது எக்மோ (ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம்) பொருத்துவார்கள் என்றும் சொல்லிவிட்டு, "எக்மோன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னுதானே தம்பி அர்த்தம்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும், 2020இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் பொருத்தப்பட்ட செய்திகளின் வழியாகத்தான் இந்தச் சொல் நம் வீடுகளுக்குள் வந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் 14 ஆண்டுகளாக எக்மோவையும் இதய–நுரையீரல் இயந்திரத்தையும் இயக்கிவரும் பெர்ஃப்யூஷனிஸ்ட் என்ற முறையில், அன்று முற்றத்தில் அமர்ந்து ஆச்சியிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இயந்திரமே இல்லாமலும் நுரையீரல் மாற்று நடக்கிறது. ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்றைச் செலுத்தி, மற்றதை எடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பார்கள். ஆனால் நுரையீரல் தமனியில் கவ்வியைப் போட்டதும், இதயத்திலிருந்து வரும் ரத்தம் முழுவதும் நோயுற்ற ஒரே நுரையீரலின் வழியாகப் போக வேண்டியிருப்பதால், இதயத்தின் வலப்பக்கம் திணறத் தொடங்கிவிடலாம். நுரையீரல் ரத்த அழுத்தம் ஏற்கெனவே கூடியிருப்பவர்களுக்கு இந்தத் திணறல் ஏறக்குறைய உறுதி. இயந்திரத் துணை அங்கேதான் தேவைப்படுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் தியேட்டரில் அந்தத் துணை என்றால் இதய–நுரையீரல் இயந்திரம்தான். 1953இல் ஜான் கிப்பன் முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய அதே அடிப்படைதான் இன்றும். ஆச்சிக்கு இதைப் புரியவைக்க முற்றமே போதுமானதாக இருந்தது. ஓட்டிலிருந்து வழியும் மழைநீரை அண்டாவில் பிடித்து, பிறகு வேண்டிய இடத்துக்கு எடுத்துக்கொள்வதைப் போல, இதயத்துக்கு வரும் ரத்தம் தன் பாரத்தாலேயே வழிந்து ரிசர்வாயர் என்ற தொட்டியில் சேர்கிறது. அங்கிருந்து பம்ப் அதை எடுத்து, ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றும் ஆக்சிஜனேட்டரின் வழியாகச் செலுத்தி உடலுக்கு அனுப்புகிறது. தொட்டி இருப்பது பெரிய வசதி. ரத்தக் கசிவு அதிகமானால் உறிஞ்சி அதே தொட்டிக்குக் கொண்டுவந்துவிடலாம். காற்றுக் குமிழி வந்தாலும் மேலே நின்றுவிடும். ஆனால் தொட்டியில் ரத்தம் காற்றைத் தொடுகிறது, அதனால் உடலில் அழற்சி கூடுகிறது. உறையாமல் காக்க ஹெப்பாரினைக் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் வரை கொடுத்து, ரத்தம் உறையும் நேரத்தை 480 வினாடிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். நெஞ்சுக்கூட்டோடு ஒட்டிப்போன ஐ.எல்.டி. நுரையீரலைப் பிரித்தெடுத்த இடம் முழுவதும் ஈரமாகக் கசிந்துகொண்டிருக்கும்போது, இந்த அளவு ஹெப்பாரின் எப்படிப்பட்ட தலைவலி என்பதை அருகில் நின்று பார்த்தவர்களே அறிவார்கள்.

எக்மோவில் அண்டா கிடையாது. மோட்டாரை நேரே குழாயில் பொருத்தியதைப் போன்ற மூடிய சுற்று அது. ஹெப்பாரின் மிகக் குறைவாகப் போதும். உறையும் நேரம் 200 வினாடியை ஒட்டி இருந்தால் வேலை நடக்கும். வியன்னா, ஹனோவர், டொராண்டோ ஆகிய பெரிய மையங்கள் நுரையீரல் மாற்றுக்கு எக்மோவின் பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் தியேட்டரும் மெல்ல மெல்ல மாறியது. என் கையும் மாறியது, ஆனால் அவ்வளவு எளிதாக அல்ல. தொட்டி இல்லாததால் எக்மோ பிழையை மன்னிப்பதில்லை. அறுவை நிபுணர் இதயத்தைச் சற்று ஒதுக்கிப் பிடித்தாலோ, உடலில் ரத்தம் குறைந்தாலோ, உறிஞ்சும் குழாய் வெடவெடவென்று உதறும். கையை வைத்தால் கிணறு வற்றிய பிறகும் ஓடும் மோட்டாரின் குழாயைத் தொடுவதைப் போல இருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஓட்டம் குறைகிறதே என்று பதறி வேகத்தைக் கூட்டுவார்கள், நானும் கூட்டியிருக்கிறேன். செய்ய வேண்டியது நேரெதிர்: வேகத்தைக் குறைத்து, இதயத்தை விடச் சொல்லி, மயக்க மருத்துவரிடம் திரவம் கேட்க வேண்டும். இதைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

எனக்கு எக்மோவின் மீது முழு மதிப்பு வந்தது இரண்டாவது நுரையீரலைத் தைக்கும் கட்டத்தைப் பார்த்துத்தான். முதலில் தைத்த புதிய நுரையீரல் பல மணி நேரம் பனிக்கட்டியில் இருந்து வந்தது. மறுபக்கம் கவ்வி விழுந்தவுடன் இதயத்தின் மொத்த ரத்தமும் அதன் மீது பாய்ந்தால் அது நீர் கோத்து வீங்கிவிடும். எக்மோ ஏறத்தாழப் பாதியைத் தன் வழியே எடுத்துக்கொண்டு, மீதியை மட்டும் அதற்கு விடுகிறது. வண்டியில் பூட்டிய முதல் நாளே இளங்காளைக்கு முழுப் பாரம் ஏற்றாத வண்டிக்காரரின் நிதானம் இது. மேலும், அறுவை முடிந்ததும் கழற்றியே ஆக வேண்டும் என்ற அவசரமும் இல்லை. இதய–நுரையீரல் இயந்திரத்தின் ஆக்சிஜனேட்டர் சில மணி நேரத்துக்கென்றே செய்யப்பட்டது. எக்மோவினுடையது நாட்கணக்கில் தாங்கும். நுரையீரல் ரத்த அழுத்த நோயாளிகளை அப்படியே ஐசியுவுக்குக் கொண்டுபோய், அதுவரை குறைந்த ரத்தத்தையே கண்டு பழகிய இடப்பக்க இதயம் தேறும்வரை சில நாட்கள் வைத்திருக்கிறோம். ஆச்சி பயந்த எக்மோ வேறு, இது வேறு. இங்கே அது திட்டமிட்டு வைக்கும் முட்டுக்கம்பு.

என்னை இன்றும் உறுத்துகிற ஒரு சம்பவம் உண்டு. தொடை வழியே எக்மோ பொருத்திய நோயாளி ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு 98 என்று திரையில் தெரிந்ததால் நிம்மதியாக இருந்தோம். அந்த அளவைக் காட்டும் விரல் கிளிப் மாட்டியிருந்தது இடது கையில். தொடையிலிருந்து மேலேறும் நல்ல ரத்தம் அதுவரை எட்டியிருக்க, இதயம் தானே வெளியேற்றிய, இன்னும் தேறாத நுரையீரலைக் கடந்து வந்த ரத்தம் வலது கைக்கும் மூளைக்கும் போய்க்கொண்டிருந்தது. மூத்த மயக்க மருத்துவர் ஒருவர் வலது மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே எங்களுக்கு உறைத்தது. நல்லவேளையாக நோயாளிக்குப் பாதிப்பில்லை. அன்றிலிருந்து கிளிப்பை வலது கையில் நானே மாட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன். குழாய் போட்ட காலுக்கு ரத்தம் சரியாகப் போகாமல் இருக்கலாம் என்பதால், அந்தப் பாதத்தையும் அவ்வப்போது தொட்டு, சில்லென்று இருக்கிறதா என்று பார்க்கிறேன். நெஞ்சு திறந்திருக்கும்போது நேரே மகாதமனியிலும் வலது ஏட்ரியத்திலும் (இதயத்தின் வலப்பக்க மேலறை) குழாயைப் போட்டுவிட்டால் இந்த இரண்டு தொல்லையுமே இல்லை என்பதால், என் விருப்பம் அதுதான்.

அதற்காகப் பழைய இயந்திரத்தை மூலையில் போர்த்தி வைத்துவிடவில்லை. கூடவே இதயத்துக்குள் ஓர் ஓட்டையையோ வால்வையோ சரிசெய்ய வேண்டியிருந்தாலும், ரத்தம் கட்டுக்கடங்காமல் கொட்டினாலும் தொட்டியுள்ள இயந்திரத்துக்கு மாற்றாக எதுவும் இல்லை. எக்மோ ஓடும் நாளிலும் அது தியேட்டருக்கு வெளியே தயாராகவே நிற்கும்.

ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நுரையீரல் கிடைச்சிருச்சுன்னு அழைப்பு வந்தா பல்லவன்ல ஏறி வந்துடலாமா தம்பி?" என்றார். காரைக்குடியில் விடியலில் கிளம்பும் பல்லவன் ரயில் எழும்பூர் சேர நண்பகலாகிவிடும். கொடையாளரிடமிருந்து எடுத்த நுரையீரலை ஆறு மணி நேரத்தையொட்டி உள்ளே தைத்து ரத்தம் ஓடவிட வேண்டும் என்றுதான் அறுவைக் குழு கணக்குப் போடும். மாசி பிறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் மருத்துவமனைக்கு அருகே வாடகைக்கு வந்துவிட்டார்கள்.