பழைய மிதி தையல் இயந்திரம்: பிடிபட மூன்று வாரம்

பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். ‘கெட் தி ஹேங் ஆஃப் இட்’ என்ற தொடர் வரும்போதெல்லாம் ‘பிடிபடுதல்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இன்று அந்த வகுப்பை எடுத்தால் ஒரு பாடவேளை முழுவதும் அதற்கே போதாது. அந்தச் சொல்லின் முழுப் பொருளை எனக்கு உணர்த்தியது, ஓய்வுபெற்ற பிறகு நான் வாங்கிய மிதி தையல் இயந்திரம்.

திருச்சியில் பழைய இயந்திரங்களைப் பிரித்துச் சுத்தம் செய்து விற்கும் சிறிய கடை. வார்ப்பிரும்புக் கால்கள், மரப்பலகை, புதிய தோல் பெல்ட் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். மோட்டாரும் வேண்டும் என்றேன். “முதலில் காலில் பழகுங்கள் டீச்சர், மோட்டாரைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்” என்றார் கடைக்காரர். விற்கக்கூடிய பொருளை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் வாரம் அழுகை வந்தது. மிதித்தால் சக்கரம் என் பக்கம் சுழலாமல் எதிர்ப்பக்கம் ஓடும். நூல் அறுந்து அடியில் சிக்கிக்கொள்ளும். கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். சக்கரத்தின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்தினால் ஊசி அசையாது, சக்கரம் மட்டும் சுற்றும். அப்படி வெறுமனே மிதித்துப் பழகச் சொன்னார். நான்கு நாள் அதுதான் வேலை. பிறகு நூல் கோக்காத ஊசியால், கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின்மேலேயே துளையிட்டேன். இரண்டு பாதங்களையும் இணையாக வைக்காமல் ஒன்றைச் சற்று முன்னால் தள்ளி வைத்ததும் மிதி சீரானது. பன்னிரண்டாம் நாள் பழைய வேட்டித் துண்டில் ஒரு நீளத் தையல் போட்டு முடித்த பிறகுதான், இவ்வளவு நேரம் காலைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது உறைத்தது. மூன்றாம் வாரத்தில் மூலை திருப்பவும் வந்துவிட்டது.

இதன் பெரிய பலம் வேகம் முழுக்க நம் காலில் இருப்பது. ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்த முடிகிறது. பருத்திக்கு 14ஆம் எண் ஊசி; 16 மாட்டினால் ஜீன்ஸ் மடிப்பையும் தைக்கிறது. மின்சாரம் போனாலும் வேலை நிற்பதில்லை.

குறைகளும் உண்டு. நேர்த்தையல் மட்டுமே, பொத்தான் துளைக்கான காஜாவைக் கையால்தான் எடுக்க வேண்டும். அடிநூல் உருளையை வைக்கும் பாபின் கேஸ் தேய்ந்திருந்தது, கடைக்காரர் காசு வாங்காமல் மாற்றித் தந்தார். இரண்டு மாதத்தில் பெல்ட் தளர்ந்தது. சிறிது வெட்டி மறுபடி கொக்கி போட்டேன். தையல் எண்ணெயைத் தவிர வேறெதையும் விடாதீர்கள், தேங்காய் எண்ணெய் பிசுக்காகி உள்ளே இறுகிவிடும்.

அவசரமாகத் தைத்துத் தர வேண்டியவர்கள் மோட்டாரோடு வாங்கலாம். புதிதாகக் கற்பவர்கள் மிதியையே எடுங்கள். ஒன்பது தலையணை உறைகள் முடித்துவிட்டேன். அடுத்தது ரவிக்கை. அளவுக்காகப் பழைய ரவிக்கை ஒன்றைப் பிரித்து மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன்.